பக்கம் முப்பத்தெட்டு

காலை ஐந்து இருபது. முதலில் நான் பார்த்தது தம்பியின் இமைகளை. அவன் விழித்துத்தான் இருந்தான். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. விரலால் தூக்கிவிட்டேன், விட்டதும் இறங்கின.

"அக்கா, எச்சி முழுங்க முடியல" என்றான். நாக்கு குழறியது.

முந்தைய நாள் மாலை, சின்ன வெங்காயம் சேமித்து வைத்திருந்த பட்டறை ஓரத்தில் ஒரு பாம்பு வந்தது. நான் பெரம்பலூர் பக்கத்தில் உள்ள தம்பி வீட்டுக்கு நான்கு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தேன். அவன் பாம்பை அடிக்கவில்லை. மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னான். நம் பக்கத்து விலங்குகள், பறவைகள், பாம்புகளைப் பற்றிப் பெரியவர்களும் பிள்ளைகளும் படிக்கும்படி எழுதிய புத்தகம். முப்பத்தெட்டாம் பக்கத்தில் அதே பாம்பு இருந்தது: பளபளக்கும் கறுப்பு, மெல்லிய வெள்ளைக் கோடுகள். கீழே 'வெள்ளிக்கோல் வரையன், விஷமற்றது' என்று போட்டிருந்தது.

"காலைல ஓடைப் பக்கம் விட்டுட்டு வந்துடுறேன்" என்று சொல்லி அதை உரச்சாக்கில் போட்டான். போடும்போது சுண்டுவிரலில் கடித்தது. ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. வலி இல்லை, வீக்கம் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க" என்றாள் தம்பி மனைவி.

"புத்தகத்துலயே போட்டிருக்கே, பயப்படாத" என்று சொன்னது நான். இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் பிழை பார்த்தவள்.

மருத்துவமனைக்குத் தம்பி மனைவி சாக்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மருத்துவர் சாக்கின் வாயைப் பிரித்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். "கட்டுவிரியன். நேத்து சாயந்திரமே கடிச்சிருக்கு. இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். தம்பி மனைவி என்னைப் பார்த்தாள்.

தம்பி ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தான். அந்த ஒன்பது நாளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மெய்ப்புப் பார்த்தேன். எழுத்தில் குறை சொல்ல முடியாது. கட்டுவிரியனுக்குக் கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும், தலைப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளியும் என்று ஆசிரியர் சரியாக எழுதியிருந்தார். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே கோடு தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் மங்கும் என்பதும் சரி. இரண்டு படங்கள்தான் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தன. ஒரே அளவுப் படங்களை வைத்து அச்சுக்குப் பக்கம் கட்டும்போது இது நடக்கும். எங்கள் ஆபீஸிலும் நடந்திருக்கிறது. மறுநாள் திருத்தம் போடுவோம்.

பின்னட்டையில் ஆசிரியரின் படம். கழுத்தில் ஒரு சாரைப்பாம்பைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பையும் ஒன்பது நாள் பார்த்தேன்.

தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் அரியலூருக்குப் பஸ் ஏறினேன். ஆசிரியர் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். காபி கொடுத்தார். நான் புத்தகத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன்.

"அட, ஆமா" என்றார். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான இருக்கு. கொஞ்சம் மாறிடுச்சு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா."

"இருக்குற பிரதிக்கு ஒரு திருத்தச் சீட்டு வைங்க சார். லைப்ரரிங்களுக்கு ஒரு லெட்டர் போடுங்க."

"சீட்டு வெச்சா புத்தகமே தப்புன்னு ஆயிடும். அது சரி, உங்க தம்பி எதுக்கு அதைக் கையில புடிச்சாரு? பாம்பைத் தொடாதீங்கன்னு முன்னுரையிலயே எழுதியிருக்கேனே."

"எழுதிட்டு நீங்க கழுத்துல போட்டுக்கிட்டு நிக்கிறீங்களே சார்."

"அது சாரைம்மா" என்று சிரித்தார். பின்னட்டையில் இருந்த அதே சிரிப்பு. "எனக்குத் தெரியும்ல."

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஸ்கேல் வாங்கி அவர் படத்தை அளந்தேன். அகலம் நாலரை சென்டிமீட்டர், உயரம் ஆறு. அந்த அளவுக்குள் அடங்கும்படி எழுதிக் கொடுத்தேன்: 'திருத்தம். 38ஆம் பக்கத்தில் படங்கள் இடம் மாறியுள்ளன. விஷமற்றது என்று காட்டியிருப்பது கட்டுவிரியன். கடித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். சொல்லியும் ஆசிரியர் திருத்த மறுத்துவிட்டார்.' கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.

"ஸ்டிக்கர்லயே எடுத்துடலாங்க்கா, பசை வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

"ஒட்டுனா உரியாதுல்ல?"

"உரிச்சா அட்டையும் சேந்துதான் வரும்."

நாற்பது எடுத்தேன்.

அதன் பிறகு பிடித்தமான வேலை எனக்கு அது ஒன்றுதான். தம்பி வீட்டிலேயே தங்கி, வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போவேன். ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு நாள், வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு நாள். நூலகத்தில் கையெழுத்துப் போட்டு, நாளிதழ் ஒன்றைப் புரட்டி, பிறகு அலமாரிக்குப் போவேன். புத்தகம் இருந்தால் மேஜைக்கு எடுத்து வந்து கவிழ்த்து வைப்பேன். ஸ்டிக்கரின் மேல் விளிம்பை அவர் நெற்றியில் பொருத்தி, கட்டைவிரலால் மூக்கு, வாய், தாடை என்று கீழே இழுப்பேன். காற்றுக் குமிழி நின்றால் நகத்தால் அழுத்துவேன். பெரும்பாலும் வாய் இருந்த இடத்தில்தான் நிற்கும். கழுத்திலிருந்த பாம்பின் வால் நுனி மட்டும் வெளியே தெரியும். அதை விட்டுவிடுவேன். யாரும் என்னை ஏனென்று கேட்டதில்லை. புடவை கட்டி, கண்ணாடி போட்ட ஐம்பத்தெட்டு வயதுக்காரி புத்தகத்தைக் கெடுப்பாள் என்று யார் நினைப்பார்கள்?

தம்பி நடமாடத் தொடங்கியிருந்தான். நான் பையைத் தூக்கினால் அவனுக்குப் புரிந்துவிடும்.

"இன்னைக்கு எந்த ஊரு? வாத்தியாரு மூஞ்சி இன்னும் பாக்கி இருக்கா?"

"இருக்கு."

"பாம்புகூட ஒரு தரம்தான் கடிச்சிச்சுக்கா."

தம்பி மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என் எதிரில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் சொன்னதற்கா, எனக்கா என்று தெரியவில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

இரண்டு மாதத்தில் பதினேழு பிரதிகள் முடிந்தன. ஒவ்வொன்றையும் ஊரும் தேதியும் போட்டுக் குறித்து வைத்தேன். முடிந்த பிறகும் நிறுத்த மனமில்லை. ஒட்டியது உரியாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில், முதன்முதலில் ஒட்டிய நூலகத்துக்கே திரும்பப் போனேன். விக்கிரமங்கலத்துக்குப் போகும் வழியில் உள்ள சிறிய ஊர்ப்புற நூலகம் அது. உண்மையில் அந்த முகம் மூடிக் கிடப்பதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

அலமாரியில் புத்தகம் காணவில்லை. நூலகரிடம் கேட்டேன். முப்பது வயதிருக்கும் பெண். மேஜை மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாளிதழ்த் தாளில் மடித்து அட்டை போட்டிருந்தது. முன்பக்கம் பேனாவால் தலைப்பு எழுதியிருந்தது.

"எதுக்கு அட்டை போட்டீங்க?" என்றேன்.

"எவனோ பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டி அசிங்கம் பண்ணிட்டான் மேடம். உரிச்சுப் பாத்தேன், அட்டை கிழிஞ்சிடும் போல இருந்துச்சு. அதான் மூடிட்டேன். இப்ப நீட்டா இருக்குல்ல?"

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கலீங்களா?"

"டியூஷன் விளம்பரமா இருக்கும்னு நெனச்சேன். வேற என்னத்த ஒட்டப் போறாங்க?" நான் புத்தகத்தைத் திறப்பதைப் பார்த்துச் சிரித்தார். "பாம்புப் பக்கம் பாக்குறீங்களா? எடுத்துட்டுப் போறவங்க எல்லாம் அதைத்தான் மேடம் மொதல்ல பாக்குறாங்க. வயக்காட்டுக்காரங்கல்ல."

முப்பத்தெட்டாம் பக்கம் அச்சடித்தபடியே இருந்தது. கட்டுவிரியன் படத்துக்குக் கீழே 'விஷமற்றது' என்று இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். நான் வந்துபோன பிறகு ஐந்து பேர் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.