கவிழ்ந்த பேட்டரிக்குத் தண்ணீர்

பேட்டரிக் கடை ஃபுல்சார்ஜ் முதன்முதலில் ஒரு மனிதனின் பல்லை உடைத்தது ஒரு டம்ளர் தண்ணீருக்காகத்தான். பக்கத்து டீக்கடைக்காரர் பாவம், விளையாட்டாகச் சொன்னார்: "பேட்டரித் தண்ணியைக் குடிக்கிற ஆளுப்பா. இவர் வீட்டுல லைட்டே வேண்டாம், வாயைத் திறந்தாப் போதும்." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு அடியில் கிடந்தார், அவருடைய முன்பல் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அடித்தவர் கையை உதறிக்கொண்டே தன் கடைக்குப் போனார். வெள்ளைக் கேனிலிருந்து ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டரை, உப்பே இல்லாமல் வடித்த பேட்டரித் தண்ணீரை, ஊற்றி மடக்மடக்கென்று குடித்தார்.

சிலருக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். இவருக்கு அது முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. அந்தப் பட்டப்பெயரும் அதனால்தான் வந்தது: எந்த நேரம் தொட்டாலும் ஷாக் அடிக்கும்.

இருபத்தாறு வருடமாக பேட்டரிக் கடை. ஆசிட் தின்று குழி விழுந்த தரை, சல்லடையாகிப்போன கால்சட்டை, இரண்டு முன்கைகளிலும் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. சுவரோரம் பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மூலையில் இரண்டு கேன்: நீலத்தில் ஆசிட், வெள்ளையில் தண்ணீர். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாற்றி எடுக்க மாட்டார். தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதை மட்டும் அவர் அடித்த ஆட்களும் ஒப்புக்கொள்வார்கள்.

தண்ணீர்ப் பைத்தியம் பிடித்ததும் தொழிலால்தான். செத்த பேட்டரியைப் பிளந்து பார்ப்பார். குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கெடுத்த பேட்டரி ஒன்றுக்குள் தகடெல்லாம் பொரிந்து நாசமாகிக் கிடந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாக உப்புக் காரை. அவ்வளவுதான்! "ஈயத் தகட்டுக்கே இந்தக் கதின்னா குடலுக்கு என்ன கதி?" என்று கத்தியபடி பாத்திரத்தைச் சுவரில் அடித்து நசுக்கினார், தண்ணீர்ப் பானையைத் தெருவில் போட்டு உடைத்தார். மறுநாளிலிருந்து வீட்டிலும் வெள்ளைக் கேன்தான்.

அவருடைய மனைவி முதல் வாய் குடித்ததும், "சப்புனு இருக்குங்க" என்றாள். அறை விழுந்தது. அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். இரண்டு தெரு தள்ளியிருந்த அக்காள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குழாயடியில் குனிந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவாள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தும் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்கள், உடம்புக்கு வேண்டியது தட்டிலிருந்தே கிடைத்துவிட்டது. ஆனால் மனிதர் புகழை எல்லாம் கேனுக்கே கொடுத்தார். காய்ச்சல் வராததும் தண்ணீரால், முடி நரைக்காததும் தண்ணீரால்.

அந்தக் கோடையில் லாரி டிரைவர் ஒருவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் வண்டி சாய்ந்து பேட்டரி கவிழ்ந்துவிட்டதாம். பாதி காலியாகிவிட்டது என்று அவரே தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தார், இப்போது சார்ஜே நிற்கவில்லை. ஃபுல்சார்ஜ் மூடியைத் திறந்து பார்த்தார். டிரைவரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

"கொட்டினது என்னடா? தண்ணியா கொட்டிச்சு? ஆசிட்டுல்ல கொட்டிச்சு! ஆவியாப் போனாத்தான்டா தண்ணி. கொட்டிப் போனா, கொட்டினதைத்தான் ஊத்தணும். வெறும் தண்ணியை ஊத்தி இருக்கிறதையும் நீர்க்க வச்சுக் கொன்னுட்டியேடா!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அறை. டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

அதே வாரம் மனைவிக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. காலையில் தொடங்கியது மத்தியானத்துக்குள் அவளைத் துணியாகத் துவைத்துப் போட்டுவிட்டது. ஃபுல்சார்ஜ் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று சொல்ல முடியாது. பிரியத்தையும் முஷ்டியாலேயே காட்டத் தெரிந்த ஜென்மம்.

"சுத்தமான தண்ணி உள்ள போனா அழுக்கெல்லாம் வெளிய வந்துடும். குடி."

அவள் தலையைத் திருப்பினாள். கையை முறுக்கிப் பிடித்து ஊற்றினார். வாந்தி எடுத்தாள், மறுபடி ஊற்றினார். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாளில் இரண்டு கேன் காலி.

மூன்றாம் நாள் காலையில் அவளுடைய அக்காள் வந்தாள். ஒரு செம்பில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். "தம்பி, இதைக் கொஞ்சம் கொடுப்பா. கண்ணு சொருகுது பாரு அவளுக்கு" என்றாள்.

"குழாய்த் தண்ணியா அண்ணி?"

"ஆமா, காய்ச்சின தண்ணிதான்."

செம்பு பறந்தது. அவள் குறுக்கே வந்தாள், நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். கதவு நிலையில் மோதி அவள் நெற்றி பிளந்தது. ரத்தம் புருவத்தில் வழிய, "நீ நல்லா இருப்பியாடா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினாள். உப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவர் அதை மிதித்துக்கொண்டு போய் மூன்றாவது கேனைத் திறந்தார்.

அரை மணி நேரத்தில் மனைவி அவரைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கிறாள் என்றுதான் நினைத்தார். அதற்குள் அவள் உடம்பு வில்லாக வளைந்தது, கட்டில் சுவரில் மோதி மோதி அடித்தது, வாயில் நுரையோடு ரத்தம். பல்லை விலக்கலாமென்று விரலை விட்டார். எலும்பு வரை கடித்துவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் ஆசிட்டுக்குக்கூட அலறாதவர் அன்று தெரு கேட்க அலறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் காலரைத்தான் முதலில் பிடித்தார். "சுத்தமான தண்ணிதான் கொடுத்தேன்! அதுல என்ன விஷம்?"

டாக்டர் சின்ன வயதுப் பெண். காலரை விடுவித்துக்கொண்டு சொன்னாள்: "விஷம் இல்லைங்க. பேட்டரிக்கு விக்கிற தண்ணி குடிக்கப் பண்ணினதில்ல, அது வேற விஷயம். இப்ப வாந்தி பேதியில உடம்புல இருந்த உப்பெல்லாம் வெளிய போயிடுச்சு. சாப்பாடும் இல்ல. நீங்க வெறும் தண்ணியா ஊத்தினதுல மிச்சம் இருந்த உப்பும் நீர்த்துப் போய், மூளை வீங்கிடுச்சு. குழாய்த் தண்ணியை மட்டும் இப்படி ஊத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பேதியில உப்புதாங்க முக்கியம்."

ஃபுல்சார்ஜுக்குச் சுவரோடு சாத்தி வைத்த டிரைவரின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கொட்டினது என்னடா என்று தான் கேட்ட கேள்வி, தன் குரலிலேயே. ஊருக்கெல்லாம் அறைந்து சொன்ன பாடம் தன் வீட்டுக் கட்டிலில் மறந்து போயிருக்கிறது. தலையைச் சுவரில் மோதினார். ஒன்று, இரண்டு, மூன்று. வார்டு பையன்கள் இழுத்துப் போட்டார்கள். நெற்றியில் தையலோடு நின்ற மனைவியின் அக்காள் காலில் விழுந்து, "அடிங்க அண்ணி, செருப்பால அடிங்க" என்றார்.

"உன்னை அடிச்சா அவ எழுந்திருச்சுடுவாளா?" என்று சொல்லிவிட்டு அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் மனைவி கண் விழித்தாள், பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, விரல் கட்டோடு வந்தார். கையில் ஒரு பாட்டில், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினார்.

அவள் பாட்டிலை வாங்கவில்லை. வராந்தாக் குழாயில் இரண்டு கையையும் குவித்து, அவர் பார்க்கப் பார்க்கக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அக்கா, உன் வீட்டுக்குப் போலாம்."

"ஏய்!" என்றார். அவர் நினைக்கவில்லை, கை தானாக ஓங்கியது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. "அடிங்க. என் கையில இருக்கிற காயமெல்லாம் எப்படி வந்துச்சுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இதுவரைக்கும் வழுக்கி விழுந்தேன்னுதான் சொல்லியிருக்கேன். அவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அக்காளும் தங்கையும் படியிறங்கி ஆட்டோவில் ஏறிப் போன பிறகுதான் அது இறங்கியது.