உப்பில் வைத்த கை

என் அக்கா மடியில் வைத்திருந்த அந்தத் தூக்குச் சட்டியை நான் இன்றும் மறக்கவில்லை. காலையில் அதில் கூழ் கொண்டு போனோம். மதியம் அதற்குள் அக்காவின் வலது கை இருந்தது.

எண்பதுகளின் கடைசி. மரக்காணம் உப்பளத்தில் இருவரும் உப்பு வாரினோம். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினின் பெல்ட் அக்காவின் முந்தானையை இழுத்தது. அதை விடுவிக்கப் போன கை மணிக்கட்டோடு போய்விட்டது. எங்கள் மேஸ்திரி ஓடி வந்து துண்டால் இறுக்கிக் கட்டினார். எங்களைத் தான் பெற்ற மகள்களைப் போலப் பார்த்த மனிதர். கீழே கிடந்த கையை அவரே எடுத்து அலசி, கருவாட்டுக்குச் செய்வது போலச் சட்டியில் உப்பை அள்ளிப் போட்டுப் புதைத்தார். "மீனே மாசக்கணக்கா கெடாம இருக்குது, கை சாயந்திரம் வரைக்கும் இருக்காதா? டாக்டருங்க ஒட்டிடுவாங்கம்மா" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் பஞ்சை வைத்து அமுக்கி, "பாண்டிக்குக் கொண்டு போயிடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். கிடைத்தது உப்பு லாரிதான். "வழியில ஏதாச்சும் ஆயிட்டா எம்மேலதாம்பா கேசு வரும்" என்று டிரைவர் தயங்கினார். மேஸ்திரி அவர் காலில் விழப் போன பிறகுதான் வண்டி கிளம்பியது.

மூட்டைகளின் மேல் அக்காவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் துண்டு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. உதடு வெளுத்து, கண் செருகியது. "எக்கா, தூங்காத" என்று கன்னத்தில் அடித்தேன். அவளோ, "சட்டி சாயாம பாத்துக்கடி" என்றாள். நான் அவள் உயிருக்குப் பயந்தேன். அவள் கைக்குப் பயந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். பாழாய்ப்போன அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பாண்டியில் டாக்டர் சட்டியைத் திறந்தார். "உப்புலயா வெச்சீங்க? சதையெல்லாம் செத்துப் போச்சும்மா." என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தணித்தார். "நல்லபடியா கொண்டாந்திருந்தாலும் ஒட்ட வைக்க இங்க வசதி இல்ல. மொதல்ல உயிரைப் பாப்போம். ரத்தம் குடுக்க யார் இருக்கீங்க?" நான் கையை நீட்டினேன். என் ரத்தம் சேர்ந்தது. அக்கா பிழைத்தாள்.

இப்போதெல்லாம் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. அந்தச் சத்தம் கேட்டால் அக்கா வாசலுக்கு வந்துவிடுகிறாள். அது போய் மறையும் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய அன்று மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார். அக்காவின் கட்டைப் பார்த்தவர் உள்ளே வரவில்லை. "உப்பு பத்தலியாம்மா?" என்று கேட்டார்.

டாக்டர் சொன்னதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மேஸ்திரி. ரோடுதான் தூரமா போச்சு."