எஞ்சின் குடித்த நல்ல தண்ணீர்

"...கழிச்சு ஊத்த எனக்கு மனம் வராது தம்பி. இந்தத் தீவில நல்ல தண்ணியை நிலத்தில ஊத்துறவன் மனிசனோ? அதுதான் எஞ்சினைக் குளிரவைச்ச தண்ணியையும் திரும்பத் தாங்கிக்கே விடுறனான்."

இப்படிச் சொன்னவர் பிலிப்பு அண்ணை. எழுபதுகளில் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் இறைத்த பம்ப் ஒப்பரேற்றர். முன்பு தீவுகளுக்கு ஆட்களை ஏற்றும் மோட்டார் லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில், வேலை பார்த்தவர். வாய் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

தண்ணீர் பரிசோதிப்பது என் வேலை. அன்று காலை அவர் பம்ப் இறைக்கும் கிணற்றில் ஒரு போத்தலும் தெருக்குழாயில் ஒரு போத்தலும் எடுத்துச் சோதித்திருந்தேன். கந்தக அமிலம் ஒரு துளி, அதன் மேல் ரியேஜன்ட் என்ற நிறம் காட்டும் சோதனை மருந்து. கிணற்றுத் தண்ணீர் அப்படியே இருந்தது. குழாய்த் தண்ணீர் ஊதாவானது. ஊதா என்றால் குரோமியம். நெடுநாள் குடித்தால் புற்றுநோய் வரலாம் என்று எங்களுக்குப் படிப்பித்த வகை. கிணற்றில் இல்லாதது குழாயில் வந்தால் நடுவில்தான் சேர வேண்டும். நடுவில் இருந்தவை பம்பை ஓட்டும் எஞ்சினும், தண்ணீர் சேரும் தொட்டியான தாங்கியும்.

எஞ்சினுக்குள் என்ன போடுகிறார் என்று கேட்டேன். துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் மஞ்சள் நிறக் குரோமேட் மருந்து டின்னை ஒளிக்காமல் காட்டினார். "லோஞ்சில போட்டதுதான். உப்புக் காத்துக்குள்ளயும் எஞ்சின் எப்பிடி மினுங்குது பாரும்!"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நிறம் உம்மட போத்தலில இருக்கு, என்ர தண்ணியில இல்லை. நானும் மனிசியும் இதைத்தானே குடிக்கிறம். இவ்வளவு ருசியான தண்ணி யாழ்ப்பாணத்திலயும் இல்லை."

ரியேஜன்டை அவர் கையிலேயே கொடுத்தேன். அமிலத்தை மட்டும் நான் விட்டேன். கிணற்றுத் தண்ணீருக்கு நிறம் மாறவில்லை. எஞ்சின் தண்ணீர் கத்தரிக்காய் நிறம். தாங்கித் தண்ணீர் ஊதா. சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு போத்தலோடு திரும்பாதீர்கள், ஊற்றிலும் எடுங்கள், குடத்தில் விழும் இடத்திலும் எடுங்கள். நம்பாதவரிடம் வாதாடாமல் சோதனை மருந்தை அவர் கையில் கொடுங்கள்.

பங்குனி வெயில். குழாய் திறக்கும் நேரமாகிவிட்டது. தண்ணீரை மறிக்க எனக்கு அதிகாரமில்லை. அதிகாரமுள்ள கிராம சபைத் தலைவர் ஊரில் இல்லை. சாவி பிலிப்பு அண்ணையிடம். வெளியே குடங்களோடு பெண்கள்.

"அண்ணை, எஞ்சினோட கொஞ்சினது காணும், பைப்பைத் திறவுங்கோ!" என்று ஒருத்தி கத்தினாள்.

"இண்டைக்கு மட்டும் விடட்டே?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தெரிஞ்ச பிறகும் வீட்டில அக்காவுக்கு இதைத்தான் குடுப்பியளோ, அண்ணை?" என்று அவர் மனைவியைச் சொல்லிக் கேட்டேன்.

அவர் தாங்கியடிக்குப் போனார். தாங்கியின் அடி வால்வைத் திறந்து, நிறைந்திருந்த தண்ணீரை முழுக்க மணலில் ஓடவிட்டார். பிறகு வெளியே போய், "பிள்ளையள், இந்தத் தண்ணி கூடாது. பிழை என்ர. கிணத்தடிக்கு வாங்கோ" என்று சொல்லி, முதல் வாளியைத் தானே இழுத்தார்.