ரோகிணியின் லிட்டர் எடை

தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் வாழ்த்துச் சொல்ல மாப்பிள்ளையை அழைத்தேன். போனை எடுத்தவர் முதலில் கேட்டது, "மச்சான், நீங்க நல்லா இருக்கீங்கள்ல?" என்பதுதான். பிறந்தது அவருடைய மகன். நலம் விசாரிக்கப்பட்டவன் நான்.

காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பையன் ரோகிணி நட்சத்திரம். ரோகிணியில் ஆண் குழந்தை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பையனுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். மூன்று மாதத்துக்கு நான் குழந்தையைப் பார்க்கக் கூடாது, அதன் பிறகும் முதல் தடவை எண்ணெயில் விழும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று போடியிலிருக்கும் குடும்ப ஜோசியர் சொல்லிவிட்டார்.

நான் போடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அன்று சாயங்காலம் என் மனைவிக்கு ரோகிணியைப் பற்றி நிதானமாக விளக்கினேன். அது ஒரு ஆரஞ்சு நிறப் பெருவிண்மீன். நடுவிலிருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்துபோய், சுற்றியிருக்கும் ஓடு மட்டும் இப்போது எரிகிறது. அதனால் சூரியனைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல் அகலமாக ஊதிவிட்டது. ஊதிய வேகத்தில் மேற்பரப்பு ஆறி, மஞ்சள் போய் ஆரஞ்சாகிவிட்டது. இத்தனை பெரிய உடம்பில் இருக்கிற சரக்கு மட்டும் நம் சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

மனைவி ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் சாம்பிள் பார்க்கிறவள். ஒரு லிட்டர் அளவையில் காயை நிரப்பி எடை போடுவார்கள்; எடை குறைந்தால் உள்ளே விதை இல்லை என்று அர்த்தம்.

"அப்ப லிட்டர் வெயிட்டு?" என்று கேட்டாள்.

"நாம மூச்சு விடுற காத்தைவிட லேசு."

"நெறமும் போயி, சைஸு மட்டும் பெருத்து, உள்ள ஒண்ணும் இல்லாத பொக்குக் காய்." கொஞ்சம் யோசித்தாள். "அதான் குணம் கெட்டுக் கெடக்கு. நீங்க மூணு மாசம் தங்கச்சி வீட்டுப் பக்கம் போகாதீங்க."

அடுத்த மூன்று மாதம் குடும்பக் குழுவில் குழந்தையின் படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் எனக்காக முகத்தின்மேல் ஒரு சூரியகாந்திப் பூ ஒட்டப்பட்டிருந்தது. குழந்தைக்குக் கை, கால், தொட்டில் எல்லாம் இருந்தன. கழுத்துக்குமேல் பூ.

தை மாதக் கடைசியில் எண்ணெய் பார்க்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். முதல் நாளே மனைவியோடும் ஜோசியரோடும் ஜீப்பில் கிளம்பினேன். பள்ளியின் தொலைநோக்கியை மடியில் வைத்திருந்தேன். இவர்களெல்லாம் ஒரு தடவை அந்த நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்பது என் கணக்கு. குழந்தையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் என்னை வீட்டுக்குள் விட்டார்கள்.

ஏழு மணிக்கெல்லாம் ரோகிணி தலைக்கு மேலே வந்துவிட்டது. வெறும் கண்ணுக்கே ஆரஞ்சு நன்றாகத் தெரிந்தது. தொலைநோக்கியில் அதே புள்ளி இன்னும் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"அறுபத்தஞ்சு ஒளியாண்டு தூரம், மாப்ளே. இப்ப நீங்க பாக்குற வெளிச்சம் அறுபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி கெளம்புனது. நேத்துப் பெறந்த புள்ளைய அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பெறக்கிறதுக்கு முன்னாடியே கெளம்பிருச்சா, மச்சான்? உங்களுக்காகவா?"

இருட்டில் பின்னால் நகர்ந்து தொலைநோக்கி நின்ற முக்காலியின் காலை மிதித்துக் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டேன். எல்லோரும் அண்ணாந்து ரோகிணியைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் பார்த்தேன்.

தங்கை மட்டும் வெகுநேரம் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தாள். "அண்ணே, நம்ம சூரியனும் ஒரு நாளைக்கு இப்படி ஆயிருமா?"

"ஆகும். ஐந்நூறு கோடி வருசம் போகணும்."

"பாவம்," என்றாள். நட்சத்திரத்துக்காக ஒருத்தி வருத்தப்பட்டது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

உண்மையில் பாடத்தைக் கவனித்துக் கேட்டவர் ஜோசியர். நான் சொல்லச் சொல்ல வெப்பம், அகலம், தூரம் எல்லாவற்றையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என் மாணவர்கள்கூட அப்படி எழுதியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பெருமை தீர்ந்தது. "சார் சொன்னதை வச்சுப் பார்த்தேன். சூடு கம்மிதான். ஆனா உருவம் நாப்பது மடங்கு. சின்னத் தட்டு தாங்காது," என்றார். தோட்டத்து ஆட்களுக்குச் சோறு ஆக்கும் வீட்டிலிருந்து அகலமான பித்தளைத் தாம்பாளம் வந்தது. எண்ணெயை விளிம்புவரை ஊற்றினார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். முதலில் தெரிந்தது என் வழுக்கை. பிறகு மாப்பிள்ளை குழந்தையைத் தாம்பாளத்துக்கு மேலே நீட்டினார். எண்ணெயில் ஒரு சின்ன முகம் ஆடியது. சரியாகப் பார்ப்பதற்குள் அவன் காலை உதைத்தான். பாதி எண்ணெய் என் சட்டையில். திடுக்கிட்டு நிமிர்ந்தேன். கையெட்டும் தூரத்தில் அவன் முகம், பூ இல்லாமல், பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி.

"எண்ணெய் மேல பட்டதால தோஷம் வழிஞ்சிருச்சு," என்றார் ஜோசியர்.

இப்போது அவர் வாசல் பலகையில் 'அறிவியல் முறைப்படி' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. பொட்டிபுரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் பெற்றோர்கள் என் பள்ளிக்கு வந்து, தங்கள் பிள்ளையின் நட்சத்திரம் எவ்வளவு சூடு என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். மதிப்பெண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போன ஆடி மாதம் ஆய்வகப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். பார்க்க வந்த உறவுக்காரர்கள் என்னைவிட, ஒன்றரை வயது தாண்டியிருந்த அந்தப் பையனைத்தான் அதிகம் பார்த்தார்கள். தங்கை அவனைத் தூக்கி என் கட்டிலில் உட்கார வைத்தாள். அவன் என் மாவுக்கட்டின்மேல் காலை நீட்டிக்கொண்டு, நோயாளிக்கென்று வாங்கிவந்த பன்னை முழுவதும் தின்று முடித்தான்.