ஜெகதீசன் வைத்த ஒளி உருண்டை

திருப்போரூர்ப் பக்கம் மனை அளக்க வேண்டுமென்றால் ஜெகதீசனைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக டேப்பும் சுண்ணாம்புமாக வெயிலில் நின்ற மனிதர். அவர் நட்ட கல்லை அரை இஞ்ச் நகர்த்தப் பக்கத்து மனைக்காரன் யோசிப்பான். அப்பேர்ப்பட்டவர் இந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

மகள் திவ்யா ஐதராபாத்துக்கு வேலைக்குப் போகும்போது, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கேம் சர்வரை ஓடவிட்டுப் போயிருந்தாள். கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. சனிக்கிழமை ஆறு மணியானால் அங்கிருந்தே இதற்குள் வந்துவிடுவாள். அவளைக் கேட்காமல் இவர் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னதிலிருந்து, இரண்டு மாதமாக அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு. இவர் போன் செய்தால் எடுப்பதில்லை. இன்று அவள் பிறந்தநாள். விளையாட்டில் அவள் கட்டிய வீட்டுக்கு மேலே ஒரு ஒளி உருண்டையை மிதக்கவிட்டால் பேசிவிடுவாளோ என்று இவருக்கு ஒரு நப்பாசை.

புள்ளி புள்ளியாக மினுங்கும் உருண்டையைக் காட்ட, விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு ப்ளகின் கிடைத்தது. அதை சர்வரில் போடும்வரை சுகம்தான். அளவுகளை எழுத வேண்டிய கான்ஃபிக் ஃபைலைத் திறந்ததும் தலை சுற்றியது. எத்தனை புள்ளி, எவ்வளவு ஆரம், நடுவின் x, y, z என்ன?

நடுவா? கன்னி மூலையில் தொடங்காமல் ஜெகதீசன் எந்த மனையை அளந்தார்! விளையாட்டுக்குள் நுழைந்து, வீட்டின் தென்மேற்கு மூலைக்கு நடந்துபோய், திரையில் தெரிந்த மூன்று எண்களைக் குறித்துக்கொண்டார். நடந்தால் மாறாத எண்தான் உயரம் என்று கண்டுபிடித்து, வீட்டுக்கு மேலே வர அதில் முப்பதைக் கூட்டியதுவரை சரி. ஆனால் அது y-இல் இருந்தது. அவர் போடும் ப்ளானில் உயரம் z. விளையாட்டுக்காரன் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார்.

ரீலோட் செய்தார். வானத்தில் ஒன்றுமில்லை. 'ஒரு உருண்டை இயங்குகிறது' என்றது சர்வர். ஆரத்தை ஐந்திலிருந்து பத்தாக்கினார், இருபதாக்கினார். அப்போதும் இயங்குகிறது என்றே சொன்னது. இல்லையென்றாலாவது விட்டுத் தொலைக்கலாம்.

"காலைலேர்ந்து இன்னாய்யா பண்ணிகினுகீற? சோறு ஆறிப்பூட்ச்சு," என்றாள் மனைவி ஜோதிலட்சுமி.

"கீதுன்றான், கண்ல படல. பேஜாரா கீது."

ஆறு மணிக்குத் திரையில் திவ்யாவின் பெயர் வந்தது. விளையாட்டில் தன் வீட்டுக்குள் போனாள், வெளியே வந்தாள், தான் தோண்டி வைத்திருந்த சுரங்கத்தில் இறங்கி மறைந்தாள். அவ்வளவுதான், இந்தப் பிறந்தநாள் போச்சு என்று நினைத்தார் ஜெகதீசன்.

போன் அடித்தது. திவ்யா.

"ப்பா, சொரங்கம் பூரா வெளிச்சமா கீது. நீதான் போட்டியா?"

"சொரங்கத்துலயா? நான் வூட்டு மேலல்ல போட்டேன்!"

அந்தப் பக்கம் சிரிப்பு. "இதுல y தான்ப்பா ஒயரம். நீ ஒன் ப்ளான் மாரி ஒயரத்தயும் தரையயும் மாத்திகீற. அதான் மண்ணுக்குள்ள பூட்ச்சு. நடுன்னு கேட்டா வூட்டு நடுவ குடுக்கணும், நீ எப்பவும் புடிக்கிற கன்னி மூலைய இல்ல. புரிஞ்சிதா?"

நன்றாகவே புரிந்துவிட்டது. எந்த வரியில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. மாற்றிவிட்டேன் என்றால் அவள் போனை வைத்துவிடுவாள்.

"புரியலம்மா," என்றார் ஜெகதீசன். "இன்னொரு தபா சொல்லு."