எனக்கு வந்த வேஷமும் ஹானாவின் தூதுவர் பதவியும்

நனைந்த கோட்டுகள் ஹீட்டருக்குப் பக்கத்தில் காயும் அந்தப் புழுங்கல் மணம்...

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கவுன்சில் நடத்திய மாலை நேர நாடக வகுப்பை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. பகல் முழுக்க சாண்ட்விச் பாக்டரியில் நின்றுவிட்டு அங்கே ஓடுவேன். எத்தனை தரம் சோப் போட்டாலும் கையில் முட்டை மயோனைஸ் மணக்கும். பக்கத்தில் உட்காரும் ஹானாவின் கையில் பேபி பவுடர் மணக்கும். செக் நாட்டிலிருந்து வந்து, ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்தாறு. இரண்டு பேருமே இங்கிலிஷ் பழகத்தான் சேர்ந்தோம்.

ஆனால் நடிப்பு எங்களைப் பிடித்துக்கொண்டது.

வகுப்பு எடுத்த லிண்டா ஒரு சின்ன நாடகக் குழுவும் வைத்திருந்தார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். துறைமுகத்தில் தங்கையைத் தேடி நிற்கும் ஓர் அகதிப் பெண்ணின் வேஷம். மூன்று வாரம் வேனில் வடக்கே போய், சின்னச் சின்ன ஊர்களில் நடிக்க வேண்டும். நான்தான் செய்ய வேண்டும் என்றார்.

நான் மறுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மனுசன் விடேல்லை" என்று சொல்லிவைத்தேன்.

வேஷம் ஹானாவுக்குப் போனது.

அதிலிருந்து தொடங்கியதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஊர் திரும்பியவள் பிராக் நகரில் மேடையேறினாள். பிறகு ஒரு டிவி தொடரில் டாக்டராக வந்தாள். சந்தைக்குப் போனால்கூட ஆட்கள் அவளிடம் காய்ச்சல் வருத்தத்துக்கு மருந்து கேட்டார்களாம்! பிறகு தேர்தலில் நின்றாள். நடிகைக்கு என்ன தெரியும் என்று சிரித்தவர்களுக்கு முன்னாலேயே வென்று, பாராளுமன்றத்தில் போய் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் தேடித் தேடி வாசித்தேன். தெரியாத பாஷை. மொழிபெயர்ப்பைப் போட்டு வரி வரியாக... ஆனால் வாழ்த்து என்று ஒரு வரி அனுப்பியதில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றுப்போனாள். அன்று நான் கேசரி கிண்டினேன்.

"இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை, ரவை கிடந்தது."

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அவளை வெளிநாட்டு அலுவல்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். போன வருடம் லண்டனுக்கே தூதுவராக வந்து இறங்கினாள். வேலைக்குப் போகும் ரயிலில்தான் படத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோட், இரண்டு பக்கமும் அதிகாரிகள். ஈஸ்ட்ஹாமில் மூக்குக் கண்ணாடிக் கடை ரிசப்ஷனில் இருக்கிற எனக்கு, அன்று முழுக்க ஒருவருடைய பெயரும் சரியாக டைப் பண்ண வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு தூதரகத்துக்கு இரண்டு வரி ஈமெயில் போட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மாலை விருந்து ஒன்றுக்கு, இரண்டு பேருக்கு அழைப்பு.

வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்த ஹானா, என்னைக் கண்டதும் வரிசையை விட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூட வந்த இவரையும் ஜன்னல் பக்கம் இழுத்துப்போனாள். இருபத்தைந்து வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனத்தைச் சொன்னேன்.

"அந்த வேஷம் முதல் எனக்குத்தான் வந்தது, தெரியுமோ?"

அவள் முகம் மாறவில்லை. இங்கிலிஷில்தான் சொன்னாள், எனக்குள் அது எங்கள் தமிழிலேயே விழுந்தது.

"ஓம், லிண்டா சொன்னவ. ரெண்டாவது ஆள் எண்டு தெரிஞ்சுதான் வேனிலை ஏறினனான். ஒவ்வொரு ஊரிலையும் டாய்லெட்டுக்குள்ளை போய்ச் சத்தி எடுத்துப்போட்டுத்தான் மேடைக்கு வந்தனான். பார்க்க வந்தது பத்துப் பேர்தான். ஊருக்குத் திரும்பினாப் பிறகு அந்த நாடகத்தைப் பற்றி ஒருத்தரும் என்னட்டைக் கேட்கேல்லை. முதலிலை இருந்து தொடங்கினனான்."

பிறகு என் கையைப் பிடித்தாள்.

"உன்ரை இங்கிலிஷ் என்ரையை விட நல்லது. நீ ஏன் வரேல்லை?"

"மனுசன் விடேல்லை."

பழக்க தோஷம்... வாயில் வந்துவிட்டது. இவர் ஆரஞ்சு ஜூஸுடன் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். ஹானாவைப் பார்த்து, தான்தான் குற்றவாளி என்பதுபோல் மெல்லச் சிரித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில்தான் வாயைத் திறந்தார்.

"இஞ்சை பாரும், நான் எப்ப விடேல்லை? அந்த மூண்டு கிழமைக்கும் ஷிப்ட் மாத்தி லீவு எடுத்தனான். உம்மடை பையைக்கூட நான்தான் அடுக்கினனான். நீர்தானே, இங்கிலிஷ் பிழைச்சாச் சிரிப்பினம், ஏலாது எண்டு அழுதனீர்?"

எனக்குக் கண் கலங்கியது. "ஓம்... உங்களிலை பழியைப் போட்டுட்டன்."

"சரி விடும். இத்தனை வருசமும் உம்மடை சிநேகிதியள் என்னை ஏன் முறைச்சவை எண்டு இண்டைக்குத்தான் விளங்கினது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அந்த நாளில் பொறாமைப்படுவது லேசாக இருந்தது. என்னுடையதை அவள் எடுத்துக்கொண்டாள், இவர் என்னைத் தடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது சாட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. தூதுவர் பதவி, டிவி, பாராளுமன்றம் எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும்... பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில், டாய்லெட்டில் வாயைக் கழுவிவிட்டு, பத்துப் பேருக்கு முன்னால் போய் நின்றாளே ஒருத்தி, இருபத்திரண்டு வயதில்.

அவளைப் பார்த்துத்தான் இன்னும் எரிகிறது.