முதலிடத்தில் யமுனா

சோளக்காடு என்ற மலையூரில் மிளகு வியாபாரம் செய்யும் தனபாலுக்கு ஒரே ஓர் எதிரிதான்: மனைவி யமுனா. சேந்தமங்கலத்தில் யாரோ கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரில் பிளாப்பி டிஸ்க்கைப் போட்டு, இருவரும் செங்கல் உடைக்கும் விளையாட்டு ஆடுவார்கள். ஸ்கோரெல்லாம் பிளாப்பியிலேயே பதிந்திருக்கும். முதலிடத்தில் எப்போதும் யமுனா பெயர்தான். தனபாலும் பல வருடமாக முட்டி மோதிப் பார்க்கிறார்.

மழைக்காலத்தில் மலையில் எதிலும் பூஞ்சை பூத்துவிடும். அதனால் ஈரம் ஏறாதபடி பிளாப்பிகளைச் சாமை டிரம்முக்குள் புதைத்து வைப்பார். இந்த வருடம் சோம்பலில் ஸ்கோர் இருந்த பிளாப்பியை மட்டும் மேஜைமேலேயே விட்டுவிட்டார். பூஞ்சை பிடித்து அது ஓடவில்லை.

"அதே விளையாட்டு இன்னொரு பிளாப்பியில புதுசா இருக்குதுங்களே. அதுல எம்பேரே இல்லீங்க, நீங்கதான் மொதல்ல வருவீங்க" என்றார் யமுனா.

"நீ இல்லாத பந்தயத்துல செயிச்சு என்னத்துக்கு ஆவுது?" என்று எரிந்து விழுந்தார் தனபால்.

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, பிளாப்பியின் உறையைப் பிரித்து, உள்ளிருந்த வட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, வேறு உறைக்குள் மாற்றினார். கரகரவென்று ஓடியது. திரையில் யமுனா பெயரைப் பார்த்ததும் கைதட்டியே விட்டார்.

யமுனா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் நகருங்க. நானும் ஆடி ரொம்ப நாளாச்சு."

அரைமணி நேரத்தில் தன் பழைய ஸ்கோரைத் தானே தாண்டிவிட்டார்.

"பூஞ்சைக்கே உட்டிருக்கோணும்" என்றார் தனபால்.